சோளகக் காற்றும் நம் வீட்டுத் தூசியும்

 

சுபஹுத் தொழுகை முடிந்து வீட்டைக் கூட்டுகிறோம். மேசை, அலுமாரி, யன்னல் கம்பி எல்லாவற்றையும் துடைக்கிறோம். லுஹர் பாங்கு கேட்பதற்குள் அதே மேசையில் விரலால் பெயர் எழுதலாம்! மன்னார்த் தீவில் குடியிருக்கும் எந்தச் சகோதரிக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மே மாதத்தில் சோளகம் தொடங்கினால் செப்டெம்பர் வரை இதே கதைதான். எருக்கலம்பிட்டி, தாராபுரம், தலைமன்னார் என்று தீவு முழுவதும் இப்படித்தான். பாலம் கடந்து முசலிக் கரையில் சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி வரை போனாலும் மாற்றமில்லை.

ஒரு நாளைக்கு மூன்று தடவை கூட்டுகிறோம். இடுப்பு ஒடிகிறது. அந்த நேரம் பார்த்து வாசலில் விருந்தாளி வந்து நின்றால் கதிரையில் படிந்த மண்ணைப் பார்த்து நமக்கே வெட்கமாகிவிடுகிறது. "பொம்பிளை இருக்கிற வீடா இது?" என்று யாரும் கேட்டுவிடுவார்களோ என்ற பயம்!

எந்தத் தூசியோடு நாம் போராட வேண்டும், எதை ஓரளவு விட்டுவிடலாம் என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தப் பாடு பாதியாகக் குறையும். அத்துடன், நம் பிள்ளைகளின் நெஞ்சையும் காப்பாற்றலாம். அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

நம் ஊரில் ஏன் இவ்வளவு மண்?

மன்னார்த் தீவு சுமார் 130 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள, மேடு பள்ளம் இல்லாத மணல் நிலம். தென்மேல் பருவக்காற்று கொழும்புக்கும் காலிக்கும் மழையைக் கொண்டு போகிறது. நமக்கோ காற்று மட்டும்தான், மழை இல்லை. நம்முடைய மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையில், வாடைக்காற்றின் காலத்தில்தான் பெய்கிறது. ஆகவே காற்று மிகப் பலமாக வீசும் மாதங்களில் நிலம் மிகவும் காய்ந்து கிடக்கிறது. மண் பறக்காமல் என்ன செய்யும்?

இந்தக் காற்றின் பலத்தை நம்பித்தான் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை நிறுவி, 'தம்பபவனி' என்ற பெயரில் 2020 டிசெம்பரில் மின்சார நிலையம் திறந்தார்கள். அந்தப் பெரிய சுழலிகளைச் சுற்றுகிற அதே காற்றுத்தான் நம் வீட்டு யன்னலையும் தட்டுகிறது. நாம் தும்புத்தடியோடு எதிர்த்து நிற்பது எதை என்று யோசித்துப் பாருங்கள்! வீட்டில் மண் இருப்பது உங்கள் சோம்பலுக்கு அடையாளம் அல்ல, சகோதரி.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். மண் நஜீஸ் அல்ல. தண்ணீர் கிடைக்காதபோது சுத்தமான மண்ணைக் கொண்டு தயம்மும் செய்து தொழ நம் மார்க்கம் அனுமதித்திருக்கிறது. கதிரையில் நாலு மணல் கிடந்தால் தட்டிவிட்டு விருந்தாளியை உட்காரச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

ரால்ஃப் பாக்னோல்ட் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1930களில் லிபியப் பாலைவனத்தைச் சுற்றி வந்து, மணல் எப்படிப் பறக்கிறது என்பதை ஆராய்ந்தார். 1941இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். மணல் உண்மையில் பறப்பதில்லை, தத்தித் தத்திப் போகிறது என்பது அவர் கண்ட விஷயம். ஒரு மணி எழும்பி விழும். விழுந்த இடத்தில் இன்னும் சில மணிகளைத் தட்டி எழுப்பும். இதில் பெரும்பகுதி தரையை ஒட்டியே நடக்கிறது.

இந்த மணல் மூக்கிலேயே தங்கிவிடும். தும்மினால் வந்துவிடும். நெஞ்சுக்குள் ஆழமாக இறங்கும் அளவுக்கு அது சிறியதல்ல.

ஆனால் மணல் தத்தும்போது அதோடு கிளம்பும் நுண்ணிய தூசி வேறு விதம். நம் தலைமுடியின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன். நெஞ்சின் ஆழம் வரை போகக்கூடிய தூசியோ இரண்டரை மைக்ரோனும் அதற்குக் குறைவும். முடியின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கு! இதைக் கண்ணால் பார்க்க முடியாது. மணல் ஒரு நொடியில் தரையில் விழும். மிக நுண்ணிய தூசி மணிக்கணக்கில் காற்றிலேயே நிற்கும்.

இந்த நுண்ணிய தூசி வெளியிலிருந்து மட்டும் வருகிறதா? இல்லை. அதில் பெரும் பங்கு நம் வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது. விறகடுப்பிலும் நுளம்புச் சுருளிலும் கிளம்பும் புகை, மெத்தையிலும் தலையணையிலும் சேருகிற தூசி, உதிர்கிற பழைய சுவர் எல்லாம் இதில் சேர்த்தி.

சாத்திய வீட்டுக்குள் புகை

சோளகக் காலத்தில் நாம் என்ன செய்கிறோம்? மண் வருகிறதென்று யன்னல் எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்துகிறோம். பிறகு குசினியில் விறகை மூட்டுகிறோம். மஃரிபுக்குப் பிறகு நுளம்புச் சுருளைக் கொளுத்தி, பிள்ளை படுக்கும் அறைக் கதவையும் சாத்துகிறோம். வெறும் மணலுக்குப் பயந்து நஞ்சை உள்ளே அடைத்து வைக்கிறோம்!

குவைத்திலும் ரியாதிலும் வீட்டு வேலைக்குப் போய் வந்த நம் சகோதரிகளுக்கு ஷமால் காற்றைத் தெரியும். வானம் செம்மஞ்சளாக மாறியதும் ஓடிப்போய் யன்னல்களைச் சாத்தி, கதவின் கீழ் இடுக்கில் ஈரத் துணி திணித்த பழக்கம் இருக்கும். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த வீடுகளில் விறகடுப்பு கிடையாது. வாயுவிலோ மின்சாரத்திலோ சமைப்பார்கள்; புகையை இழுத்து வெளியே தள்ளும் விசிறியும் இருக்கும். நம் வீட்டுக்கு அந்த வழி அப்படியே பொருந்தாது.

வீட்டுக்குள் எரியும் விறகு, கரி முதலியவற்றின் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அடுப்பருகே நிற்கும் பெண்களும் அவர்கள் இடுப்பிலிருக்கும் குழந்தைகளும்தான் அந்தப் புகையை அதிகம் சுவாசிக்கிறார்கள். நுளம்புச் சுருளை எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சுருள் எரிந்து முடியும்போது 75 முதல் 137 சிகரட்டுகள் எரிந்த அளவுக்கு நுண்ணிய தூசி வெளியாவதாகக் கண்டார்கள். நம் வாப்பாவோ நானாவோ பிள்ளையின் அறையில் ஒரு சிகரட் பற்றவைக்க விடுவோமா?

என்ன செய்யலாம்?

காற்று வரும் தென்மேற்குப் பக்க யன்னல்களைச் சாத்துங்கள். அதற்கு எதிரான வடகிழக்குப் பக்க யன்னல்களைத் திறந்தே வையுங்கள். வீட்டைச் சுற்றிப் போகும் காற்று மறைவுப் பக்கத்தில் உள்ளிருப்பதை வெளியே இழுக்கும். மண் அதிகம் வராது, புகையும் போகும். குசினியை வீட்டின் மறைவுப் பக்கத்தில் வைத்தால் இன்னும் நல்லது. காய்ந்த விறகையே எரியுங்கள். ஈர விறகு இரு மடங்கு கண்ணீர் தரும். புகைபோக்கி வைக்க வசதி இருந்தால் வேறு செலவைத் தள்ளிவைத்தாவது செய்யுங்கள். கைக்குழந்தையைக் குசினியில் தூங்க வைக்காதீர்கள். சுருளுக்குப் பதிலாக நுளம்பு வலை கட்டுங்கள். சாம்பிராணி போடுவதானால் பிள்ளைகள் வெளியே விளையாடும் நேரத்தில் போட்டு, வாசனை நிற்கப் புகை போகும்வரை கதவைத் திறந்து வையுங்கள்.

மதிலா, ஓலை வேலியா?

இப்போது வெளியே வருவோம். கொஞ்சம் காசு கையில் சேர்ந்தால் முதலில் ஓலை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல் மதில் கட்டுவது நம்மில் பலருக்கு ஆசை. மறைவுக்கு மதில் நல்லதுதான். ஆனால் மண்ணைத் தடுப்பதில் பனையோலை வேலியும் கிடுகு வேலியும் மதிலை வெல்லும் என்றால் நம்புவீர்களா?

கல் மதிலில் மோதும் காற்று மேலே ஏறி, மறுபக்கம் சுழன்று விழும். அந்தச் சுழலில் முற்றத்து மண்ணே கிளம்பும். இடைவெளியுள்ள வேலியோ காற்றின் ஒரு பகுதியை உள்ளே விட்டு, வேகத்தைக் குறைக்கும். வேகம் குறைந்த காற்றால் மணலைச் சுமக்க முடியாது, வேலியடியிலேயே போட்டுவிடும். ஏறக்குறைய பாதிக்குப் பாதி இடைவெளியுள்ள வேலிதான் மணலைத் தடுக்கச் சிறந்தது என்பது பாலைவன நாடுகளிலும் கடற்கரைகளிலும் கண்ட அனுபவம். வேலியின் உயரத்தைப் போல் சுமார் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் குறைந்திருக்கும். நம் மூத்தும்மாமார் எந்தக் கணக்கும் படிக்காமல் இதைச் செய்து வைத்திருந்தார்கள். ஏற்கெனவே மதில் கட்டியாயிற்றா? பரவாயில்லை. தென்மேற்குப் பக்கம் உட்புறமாகப் பூவரசோ வேம்போ நட்டு வளருங்கள்.

கடற்கரைக்கு அருகில் வீடு இருந்தால் அங்கே படர்ந்திருக்கும் அடம்பன் கொடியையும் இராவணன் மீசையையும் வெட்டி 'துப்புரவு' செய்ய யாரையும் விடாதீர்கள். மணல் மேட்டைப் பிடித்து வைத்திருப்பவை அவைதாம். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சும்மாவா சொன்னார்கள்!

மணல் தரையை ஒட்டித் தத்துகிறது என்று பார்த்தோம் அல்லவா? அதனால்தான் உயர்ந்த திண்ணையும் உயர்ந்த வாசற்படியும் உள்ள பழைய வீடுகளில் மண் குறைவாகச் சேர்கிறது. புதிதாக வீடு கட்டும் சகோதரிகள் மேசனிடம் இதைச் சொல்லிச் செய்வியுங்கள். வாசலில் ஒரு சாக்கை நனைத்துப் பிழிந்து போட்டு, செருப்பை வெளியே விடச் சொல்லுங்கள். வெளியே போய் வந்த அபாயாவை வாசலுக்கு அருகில் உதறி மாட்டுங்கள். அதன் கீழ் ஓரம் வீதி மண்ணைக் கூட்டிக்கொண்டுதான் வந்திருக்கும்.

கூட்டும் முறை

காய்ந்த தரையை விசுக் விசுக்கென்று கூட்டினால் மணல் போகும். நுண்ணிய தூசி எழும்பி மறுபடியும் படியும். கூட்டுவதற்கு முன் கையால் தண்ணீர் தெளியுங்கள். மண் தரையானால் இன்னும் கவனமாகத் தெளியுங்கள். மேலே ஒட்டறையில் தொடங்கி, அலுமாரி, யன்னல் என்று இறங்கி, கடைசியில் தரைக்கு வாருங்கள். மின்விசிறியின் இலைகளை மறக்காதீர்கள். வீடு கூட்டும்போது விசிறி ஓடக்கூடாது. மேசையைக் காய்ந்த துணியால் தட்டாமல், ஈரத் துணியால் துடையுங்கள்.

விடியற்காலையில் பொதுவாகக் காற்று சற்று அடங்கியிருக்கும். யன்னல்களைத் திறப்பதற்கும் கூட்டுவதற்கும் அதுவே நல்ல நேரம். கூட்டி முடித்த உடனே அந்த இடத்தில் பாய் விரித்துக் குழந்தையைப் போடாதீர்கள்.

நம் தீவில் நல்ல தண்ணீர் அருமை. பல கிணறுகள் உவர். உவர்த் தண்ணீரால் தரை கழுவினால் உப்பு தங்கும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துச் சீமெந்தை அரிக்கும். அரித்த சீமெந்து மறுபடி தூசியாகும். வாளி வாளியாக ஊற்றிக் கழுவுவதை விட, அரை வாளி நல்ல தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைப்பதே மேல்.

வேக்கம் கிளீனர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். மலிவான இயந்திரம் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு, நுண்ணிய தூசியைப் பின்பக்கத்தால் அறைக்குள்ளேயே ஊதிவிடும். நுண்வடிகட்டி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

படுக்கையில் ஒரு குடித்தனம்

ஒல்லாந்து நாட்டின் லைடன் நகர ஆய்வாளர்கள் 1960களில் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். வீட்டுத் தூசியால் பலருக்கு முட்டு வருவதற்கு முக்கிய காரணம், தூசிக்குள் வாழும் ஓர் உண்ணி. மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்குகூட வராத இந்தத் தூசி உண்ணி நம் உடம்பிலிருந்து உதிரும் தோலைத் தின்று வாழ்கிறது. கடிக்காது. ஆனால் அதன் கழிவு மூக்கில் போனால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மலும் இழுப்பும் வரும். ஈரமான காற்று இதற்குப் பிடிக்கும். நம் கடற்கரைக் காற்று இதற்கு விருந்து!

ஆகவே மேசையைத் துடைக்கும் நேரத்தில் ஒரு பங்கைப் படுக்கைக்குக் கொடுங்கள். தலையணை உறையையும் விரிப்பையும் வாரம் ஒரு முறை கழுவுங்கள். துணி தாங்குமானால் கை வைக்க முடியாத சூட்டில், அதாவது 60 பாகை செல்சியஸ் அளவு வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் உண்ணி சாகும். மெத்தையையும் தலையணையையும் நல்ல வெயிலில் இரு பக்கமும் காய வையுங்கள். பிறகு வெளியிலேயே, காற்றுப் போகும் பக்கம் பார்த்து அடித்து உதறுங்கள். வெயில் உண்ணியைக் கொல்லும்; கழிவை அகற்றக் கழுவத்தான் வேண்டும்.

பன்பாயும் பனையோலைப் பாயும் வைத்திருப்பவர்கள் அவற்றை இழிவாக நினைக்காதீர்கள். பாயைத் துடைத்து வெயிலில் போடலாம். மெத்தையைக் கழுவ முடியுமா? வெளிநாட்டிலிருந்து வந்த கனத்த கம்பளமும், கழுவாத திரைச்சீலையும், பஞ்சு பொம்மைகளும், பிளாஸ்டிக் பூக்களும் தூசிக்குக் கிட்டங்கி. முட்டு உள்ள பிள்ளை படுக்கும் அறையில் இவை வேண்டாம். தொழுகை விரிப்பையும் மறந்துவிடாதீர்கள். ஸுஜூதில் நம் மூக்கு அதன் மேல்தான் படுகிறது.

திரும்பி வந்த வீடுகள்

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். மன்னார்த் தீவின் குடும்பங்கள் கதவைச் சாத்திவிட்டுத் தோணி ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கின. அங்கே கிடுகுக் குடிசைகளில் மணல் தரையிலேயே பிள்ளைகளை வளர்த்த தாய்மாருக்குத் தூசியைப் பற்றிப் பாடம் நடத்த யாருக்கும் தகுதியில்லை. 2009இல் யுத்தம் முடிந்த பின் திரும்பி வந்தவர்கள், தாம் சாத்திய கதவே இல்லாத வீடுகளைப் பார்த்தார்கள். கூரை போன அறைகளுக்குள் சோளகம் இருபது வருடம் தாராளமாகக் குடியிருந்திருந்தது.

அப்படிப்பட்ட பழைய வீட்டை இன்னும் திருத்திக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்கு ஓர் எச்சரிக்கை. உடைந்து கிடக்கும் கூரைத் தகடு அஸ்பெஸ்டசாக இருக்கலாம். அதன் தூசி நுண்ணிய நாராக நெஞ்சுக்குள் போய் அங்கேயே தங்கும். பல வருடங்களுக்குப் பிறகு புற்றுநோயாகவும் வரக்கூடும். ஆகவே அந்தத் தகட்டை வாளால் அறுக்கவோ, காய்ந்தபடி உடைக்கவோ, தேய்க்கவோ விடாதீர்கள். துண்டுகளைத் தண்ணீரால் நன்றாக நனைத்து, தடித்த பொலித்தீனில் கட்டி அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். வேலை செய்பவர் சரியான முகக்கவசம் போடவேண்டும். முகத்தில் சால்வை கட்டுவது போதாது. பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது.

வலைக்கு ஈயக்குண்டு உருக்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. ஈயத்தில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை. அந்த வேலை வீட்டுக்குள்ளும் குசினிச் சட்டியிலும் வேண்டாம்.

பிள்ளைக்கு முட்டு வந்தால்

இரவில் விடாத இருமல், மூச்சு விடும்போது விசில் சத்தம், ஓடி விளையாடினால் இழுப்பு இவை இருந்தால் 'சோளகத் தடிமன்' என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். இன்ஹேலர் கொடுத்தால் பழகிவிடும், பெண்பிள்ளையானால் கலியாணம் தடைப்படும் என்று ஒளித்து வைக்கும் வீடுகள் இருக்கின்றன. இன்ஹேலர் போதைப் பொருள் அல்ல. மருந்தை நேரே நெஞ்சுக்குக் கொண்டு போகும் வழி. வாயால் விழுங்கும் மருந்தை விடக் குறைந்த அளவே போதும். பிள்ளை பேச முடியாமல் மூச்சுக்குத் திணறினாலோ, உதடு நீலித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

எல்லோருக்கும் பங்கு

இத்தனையும் ஒருத்தி தலையில் விழுந்தால் அவள்தான் முதலில் நோயாளி ஆவாள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் தம் குடும்பத்துக்கு உதவியாக இருந்தார்கள் என்பதை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பால் அறிகிறோம். ஆகவே ஆண்பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். வேலை கட்டுவதும், ஒட்டறை அடிப்பதும், மெத்தையைத் தூக்கி வெயிலில் போடுவதும் வாப்பாவின் வேலையாகட்டும். செருப்பை வெளியே விடுவதும் சாக்கை நனைத்துப் போடுவதும் பிள்ளைகள் வேலை. முட்டு உள்ளவரைக் கூட்ட விடாதீர்கள்; அது மருமகளானாலும் சரி!

சோளகத்தை நிறுத்த நம்மால் முடியாது. நாளைக் காலையும் மேசையில் மண் இருக்கும். அதை ஒரு தடவை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, மிச்ச நேரத்தில் பிள்ளையின் தலையணையை எடுத்து வெயிலில் வையுங்கள். இன்றிரவு நுளம்புச் சுருளுக்குப் பதிலாக வலையைக் கட்டுங்கள். இந்த இரண்டை மட்டும் முதலில் தொடங்குங்கள், சகோதரி. நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் நல்ல சுகத்தைத் தருவானாக!